கார்டைத் திருப்பிப் பாருங்க

மலிவான கிராபிக்ஸ் கார்ட் மலிவாக இருப்பதில் எனக்குச் சண்டை இல்லை. விலையைக் குறைத்தால் எங்கேயாவது வெட்டத்தான் வேணும். வெட்டின இடத்தை மூடி மறைக்கிறாங்களே, அதோடதான் சண்டை.

ஒரு கார்டைக் கையில் எடுங்க. பிளாஸ்டிக் கவசத்தையும் ஃபேனையும் விடுங்க, மதர்போர்டில் சொருகுற விளிம்பைப் பாருங்க. என்விடியாவின் ஜிடி 1030இல் அந்த விளிம்பு பதினாறு வழிக்கான முழு நீளத்தில் இருக்கும். ஆனா தரவு ஓடுறது நாலு வழியில் மட்டும். மீதி நீளம் கார்டைப் பிடித்து நிறுத்தத்தான். 30 வாட் குடிக்கிற சின்னச் சிப், அதுக்கு நாலு வழி போதும்னு விட்டுவிடலாம்.

2022 ஜனவரியில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை அப்படி விட முடியாது. அதுக்கும் முழு நீள விளிம்பு, நாலே வழி, 4 ஜிபி மெமரி. பிசிஐஇ 4.0 போர்டில் அந்த நாலு வழி நொடிக்குச் சுமார் 8 ஜிபி கடத்தும். பழைய 3.0 போர்டில் அதில் பாதிதான். மெமரி நிரம்பினதும் கேம் திக்கும். சரி, மலிவுக் கார்டை யார் வாங்குறாங்க? புது போர்ட் வைத்திருப்பவரா? இல்லை. ஆபீஸில் கழித்த மெஷினை செகண்ட் ஹேண்டில் வாங்கி, அதுக்குள்ள ஒரு கார்ட் போடுற பொடியன். அடி விழுறது அவனுக்குத்தான்.

அந்தக் கார்டின் அறிவிப்பு விலை 199 டொலர். அந்த வருஷத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. வரியும் கடைக்காரர் லாபமும் சேர்க்காமலே நாற்பதாயிரம் எழுபதாயிரம் ஆனது. அந்தக் காசில் ஏமாறுறது விளையாட்டா?

ஜிடி 1030 கதையும் முடியவில்லை. 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 மெமரியோடு, நொடிக்கு 48 ஜிபி வேகம். 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரி வைத்து ஒன்று வந்தது. வேகம் 16.8 ஜிபி. பல கேம்களில் ஃப்ரேம் பாதி அளவுக்கு இறங்கியது. பெயரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"இன்டர்நெட்டில் தேடினா தெரியுமே" என்பாங்க. தேடத் தெரிஞ்சவன் தப்பிப்பான், தெரியாதவன் கட்டுவான். இது நியாயமா? ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டினால் மெமரி வகை, வழி எண்ணிக்கை எல்லாம் காட்டும். ஆனா அதுக்கு முதலில் காசு கொடுத்து வாங்கிச் சொருகணுமே!

நம்ம அலுவிகாரை, வாய்வழியா வந்த திரிபிடகத்தை ஓலையில் எழுதி வைத்த இடம் என்று பேர் பெற்றது. மறந்து போகாம இருக்க இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னே ஓலையில் கீறி எழுதினாங்க. இன்றைக்கு வண்ண வண்ணமா அச்சடிக்கிற பெட்டியின் முன்பக்கத்தில் "நாலு வழி" என்று இரண்டு சொல் போட இடமில்லையாம்!

கேட்கிறது மூன்றுதான். மெமரி மாறினால் பெயரும் மாறணும். வழி எண்ணிக்கை பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கணும். பழைய போர்டில் எவ்வளவு குறையும் என்று அதே பெட்டியில் சொல்லணும். அதுவரைக்கும் கடையில் காசை நீட்டுமுன் இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்க. பதில் வராட்டி, காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வாங்க.