நம்பர் தப்புன்னா தாளைத் திருத்துங்க, பிள்ளையை உட்கார வைக்காதீங்க!

1/ நாட்றம்பள்ளி பக்கம் பள்ளிக்கூட பேஸ்கட்பால் மேட்ச்ல அடிக்கடி பார்க்கிற கூத்து: ஜெர்சியில 14, ஸ்கோர்ஷீட்ல 4. உடனே டேபிள்ல இருந்து தீர்ப்பு வரும், "அந்தப் பையன் ஆடக்கூடாது." எந்த விதியில இருக்கு, சொல்லுங்க?

2/ ஃபிபா விதிப்படி, பட்டியலும் ஜெர்சியும் பொருந்துதான்னு பார்க்க வேண்டியது தலைமைப் பயிற்சியாளர். ஆட்டத்துக்கு 10 நிமிஷம் முன்னாடியே சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். ஆட்டம் தொடங்கின பிறகு நம்பர் தப்புன்னு தெரிஞ்சாலும், யாருக்கும் பாதகமில்லாத நேரத்துல நிறுத்தித் திருத்திக்கலாம். தண்டனையே கிடையாது.

3/ பெயரே விட்டுப்போனா கதை வேற. ஆட்டம் தொடங்கிட்டா சேர்க்க முடியாது. வாத்தியார் மறதிக்குப் பிள்ளை பெஞ்சுல உட்காரும்.

4/ "4 முதல் 15 வரைதான் செல்லும்"னு இன்னமும் சிலர் பிடிவாதம். அது 2014-லேயே மாறிடுச்சு. 0, 00, 1 முதல் 99 வரை எதுவும் போடலாம். சீனியர் கொடுத்த 23-ம் நம்பர் பனியனோட வர்ற பிள்ளையைத் துரத்தாதீங்க.

5/ 4 செஞ்ச ஃபவுல் 14 கணக்குல ஏறினா? அஞ்சாவது ஃபவுல்ல, தப்பே செய்யாதவன் வெளியே போவான். தலைமை நடுவர் ஸ்கோர்ஷீட்ல கையெழுத்துப் போடும்வரை இதைத் திருத்தலாம். ஆனா அவன் இழந்த நிமிஷங்கள் திரும்பாது. அப்பவே கேளுங்க.

6/ கேஸ் ஷீட்ல நம்பர் தப்பா இருந்தா நாங்க நோயாளியையா வெளியே அனுப்புறோம்? ஆளைப் பார்த்து, பேரைக் கேட்டு, ஷீட்டைத் திருத்துறோம். டேபிள்ல உட்கார்றவங்களும் அதையே செய்யுங்க.