மெதுவாகப் போவதும் ஒரு சரக்குத்தான்

நமது வியாபாரிகளுக்கு வேகம் என்றால் இலாபம். காலையில் இறக்கிய சரக்கு மாலைக்குள் கைமாற வேண்டும். கொழும்புக்குப் போன லொறி மறுநாள் விடியுமுன் திரும்ப வேண்டும். இப்படிப் பழகிய நம்மிடம் ஒருவர் வந்து, பாய் விரித்து, காற்று அடித்தால் மட்டும் நகரும் ஒரு சிறிய படகில் நல்ல தொழில் இருக்கிறது என்று சொன்னால் நாம் சிரிப்போம். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோ மீற்றர் நீண்டு கிடக்கிறது. ஒரு புறம் எழுவான்கரை, மறு புறம் படுவான்கரை. காத்தான்குடி இந்த வாவிக்கும் கடலுக்கும் இடையில்தான் இருக்கிறது. ஆயினும் நமது கடைகள் எல்லாம் பிரதான வீதியைப் பார்த்தபடி இருக்கின்றன. வாவியின் பக்கம் நாம் முதுகைக் காட்டி நிற்கிறோம்.

2009 இல் யுத்தம் முடிந்த பிறகு பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. அங்கே வரும் உல்லாசப் பயணிகளில் பெரும்பாலானோர் கடலில் குளித்து, படம் பிடித்து, ஹோட்டலிலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். மட்டக்களப்பு நகரத்தில் ஒல்லாந்தர் கோட்டையையும் கல்லடிப் பாலத்தையும் அரை நாளில் பார்த்து முடிக்கிறார்கள். அவர்களை இன்னும் இரண்டு நாள் இந்த மண்ணில் நிறுத்தி வைப்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய சொத்து வாவிதான். அந்தச் சொத்தை வேகமாகக் காட்டினால் ஒரு மணித்தியாலத்தில் தீர்ந்து விடும். மெதுவாகக் காட்டினால் இரண்டு நாளைக்குப் போதும். இங்கே மெதுவாகப் போவதுதான் விற்பனைக்குரிய சரக்கு.

இது நமக்குப் புதிய தொழிலும் அல்ல. கிழக்கிலே பள்ளிவாசல் நிர்வாகிகளை இன்றும் மரைக்கார் என்று அழைக்கிறோம். அந்தச் சொல் மரக்கலத்தோடு உறவுள்ளது என்பர். வடக்கே வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்க, நம் நாட்டு மாலுமிகளே அதை ஓட்டிச் சென்று 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பாய் விரிக்கத் தெரிந்த கைகள் இந்த நாட்டில் இருந்தன. இயந்திரம் வந்ததும் அவற்றை மறந்து விட்டோம்.

கென்யா நாட்டின் லாமு தீவைப் பாருங்கள். அது ஒரு பழைய முஸ்லிம் ஊர். 2001 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஊர்க்காரர்களே தங்கள் மரப் படகுகளில் முக்கோணப் பாய் விரித்து வெளிநாட்டவரை ஏற்றிச் செல்கிறார்கள். மீன் பிடித்துப் படகிலேயே சமைத்துக் கொடுக்கிறார்கள். ஊரின் தொழுகையும் நோன்பும் அதனால் கெட்டுப் போகவில்லை.

காலமும் காற்றும்

ஆனால் ஆசைப்பட்டவுடன் படகு வாங்கக் கூடாது. முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் மழையும் வெள்ளமும் வரும். 1978 நவம்பர் சூறாவளியை மட்டக்களப்பார் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்த மாதங்களில் படகு கரையில் கவிழ்ந்து கிடக்க வேண்டும். ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரைதான் நமது பருவம். பாடசாலை விடுமுறைகளில் ஏப்ரலும் ஆகஸ்டும் இதற்குள் வருகின்றன.

இரண்டாவது, முகத்துவாரம். மழைக்காலத்தில் வெள்ளம் வடிவதற்காகத் திறக்கப்படும் வாய், வரட்சிக் காலத்தில் மணல் தள்ளி அடைபடுவது வழக்கம். கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் வாவியிலிருந்து கடலுக்குப் போக வழி இருக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது. ஆகவே வாவிப் பயணம் ஒன்று, கரையோரக் கடற்பயணம் வேறொன்று என்று பிரித்துக் கொள்வதே புத்தி. வாவியில் ஒரு படகு, கல்குடா பாசிக்குடாப் பக்கம் இன்னொரு படகு. இடையில் உள்ள தூரத்துக்கு நமது வேன்காரர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, பாலங்கள். 1920களில் கட்டப்பட்ட கல்லடி இரும்புப் பாலம், 2013 இல் அதன் பக்கத்தில் திறந்த புதிய பாலம், 2014 இல் திறந்த மண்முனைப் பாலம், களுவாஞ்சிகுடிக்கு அருகே பட்டிருப்புப் பாலம் என்று வழி நெடுகப் பாலங்கள் குறுக்கே நிற்கின்றன. பாய்மரம் அடியில் மடங்கிச் சாயும்படி அமைந்த படகுதான் இங்கே உதவும். வாவியின் ஆழமும் ஆகக் கூடிய இடத்திலேயே நான்கு மீற்றர் அளவுதான். ஆகவே அடி தட்டையாகவும், நடுவில் ஏற்றி இறக்கக் கூடிய அடிப்பலகை உள்ளதாகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் பார்க்கும் ஆழமான அடியுள்ள படகைக் கொண்டு வந்தால் சேற்றில்தான் நிற்கும்.

நான்காவது, காற்று. சிறிய பாய்ப்படகு மணிக்கு ஆறு, ஏழு கிலோ மீற்றர் போகும். நாளொன்றுக்கு இருபது கிலோ மீற்றருக்கு மேல் திட்டமிடக் கூடாது. கோட்டைத் துறையிலிருந்து புறப்பட்டு, மண்முனை தாண்டி ஓரிடத்தில் இரவு தங்கல். மறுநாள் குருக்கள்மடம், அம்பிலாந்துறை, பிறகு குருமண்வெளி, மண்டூர் என்று நெடுங்காலம் பாதைகள் ஓடிய துறைகளைத் தொட்டுக்கொண்டு போகலாம். பயணி படுவான்கரை வயலையும், கண்டல் மரங்களையும், நீர்ப்பறவைகளையும் பார்ப்பார். பௌர்ணமி இரவு என்றால் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கக் காத்திருப்பார். காத்திருப்பதற்கும் காசு கொடுக்கும் மனிதர்கள் உலகில் இருக்கிறார்கள்.

கடலில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மே மாதத்திலிருந்து அடிக்கும் கச்சான், கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையோரம் தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும். அதை நம்பித் தூரப் போனவனைக் காற்று இன்னும் தூரத்துக்குத் தள்ளிக் கொண்டு போகும், திரும்பி வருவது கடினம். ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, காற்று கடுமையாகுமுன் கரைசேர வேண்டும். கல்குடா, பாசிக்குடாப் பக்கம் கற்பாறைகளும் உள்ளன. அந்தக் கடலை அறிந்த மீனவர் ஒருவர் சுக்கான் பிடிக்காமல் பயணிகளை ஏற்றக் கூடாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்காமல் எந்த நாளும் புறப்படக் கூடாது.

உயிர் முதலில், இலாபம் பிறகு

2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மாண்டு போனதை நமது சமூகம் மறக்க முடியாது. 2023 மே 7 ஆம் திகதி கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துத் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் பலர் ஒரே முஸ்லிம் குடும்பத்தவர். மீன்பிடிப் படகைப் பயணிகள் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். “இன்னும் இரண்டு பேர்தானே” என்ற பேச்சுத்தான் இப்படிப்பட்ட விபத்துக்களின் தொடக்கம்.

ஆறு பேருக்குரிய படகில் ஏழாவது ஆள் ஏறக் கூடாது, அவர் முதலாளியின் மைத்துனராக இருந்தாலும். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும், சிறு பிள்ளைக்குப் பிள்ளையின் அளவிலேயே வேண்டும். அதைப் படகின் மூலையில் அடுக்கி வைத்துப் பயனில்லை, உடலில் அணிந்திருக்க வேண்டும். காற்று விழுந்தால் கரைசேரச் சிறிய இயந்திரம் ஒன்றும், துடுப்பும், கைத்தொலைபேசியும் படகில் இருக்க வேண்டும். கடற்றொழிலுக்கென்று பதிந்த படகு ஆள் ஏற்றும் படகு ஆகாது. வணிகக் கப்பற்றுறைச் செயலகத்திலும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் என்னென்ன அனுமதி தேவை என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்று, காப்புறுதியும் செய்த பின்னரே முதல் பயணியை ஏற்ற வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், படகு விடயத்தில் அதை மறந்துவிடக் கூடாது.

கணக்கு

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு, படகும் பாயும் அங்கிகளும் சேர்த்து 16 இலட்சம் ரூபா முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை நாள் பயணத்துக்குப் படகு ஒன்றுக்கு 20,000 ரூபா வாடகை. இரண்டு படகோட்டிகளின் கூலி 7,000, சாப்பாடும் தேநீரும் 3,000. வருடத்துக்குப் பழுதுபார்ப்பு, அனுமதி, காப்புறுதி எல்லாம் 2 இலட்சம்.

பருவத்தில் 60 பயணம் கிடைத்தால் வரவு 12 இலட்சம், செலவு 8 இலட்சம், மிச்சம் 4 இலட்சம். போட்ட முதல் திரும்ப நான்கு வருடம் செல்லும். 100 பயணம் கிடைத்தால் வரவு 20 இலட்சம், செலவு 12 இலட்சம், மிச்சம் 8 இலட்சம். இரண்டு வருடத்தில் முதல் வந்து சேரும். தொகைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். பாடம் மாறாது. இத்தொழிலின் உயிர் படகின் அழகில் இல்லை, நிரம்பிய நாட்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

எனவே வட்டிக் கடனிலோ லீசிங்கிலோ இதில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். காற்றில்லாத நாளிலும் கடன்காரன் வருவான். நான்கு பேர் தலைக்கு 4 இலட்சம் போட்டு, இலாபத்திலும் நட்டத்திலும் பங்கு என்ற முஷாரகா முறையில் தொடங்குவதே மார்க்கத்துக்கும் புத்திக்கும் ஏற்றது. படகோட்டிக்குக் கூலியோடு இலாபத்தில் ஒரு பங்கும் கொடுத்தால் படகைத் தன் பொருளாகப் பார்ப்பான்.

பாய்ப்படகுக்கு இன்னொரு இலாபமும் உண்டு. 2022 இல் எரிபொருள் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அதே வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. காற்றுக்கு யாரும் விலை கூட்ட முடியாது.

இரண்டு எதிர்வாதங்கள்

“மது இல்லாமல் உல்லாசப் பயணி வரமாட்டான்” என்பார்கள் சிலர். எல்லாப் பயணியும் நமக்கு வேண்டியதில்லை. அக்குறணையிலும் புத்தளத்திலும் கண்டியிலும் இருந்து விடுமுறைக்குக் கிழக்கே வரும் முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். பெண்களும் பிள்ளைகளும் அந்நியர் நெருக்கடி இன்றி ஒரு படகைத் தனியாக எடுத்து, ஹலால் சாப்பாட்டோடு, தொழுகை நேரத்துக்குக் கரையில் இறங்கிப் போகும் பயணத்துக்கு நிச்சயமாக ஆள் உண்டு. மாலைதீவு, மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து வருவோரும் இதைத்தான் தேடுகிறார்கள். வெள்ளைக்காரரிலும் அமைதியைத் தேடி வருபவர், படகில் மது கிடையாது என்று முன்கூட்டியே சொன்னால் சண்டை பிடிக்கப் போவதில்லை. மறைக்காமல் முதலிலேயே சொல்வதுதான் வியாபார ஒழுக்கம்.

இரண்டாவது வாதம் கனமானது. வாவி உல்லாசப் பயணிகளுக்காக உண்டானதல்ல. அது மீனவரின் சோற்றுப் பானை. வலையையும் இறால் பிடிக்கும் இடங்களையும் கிழித்துக் கொண்டு படகு போனால் ஒரே மாதத்தில் தொழிலும் போகும், ஊருக்கு ஊர் மனக்கசப்பும் வரும். கேரளத்து ஆலப்புழையில் படகு வீடுகள் அளவுக்கு மேல் பெருகி, கழிவு கலந்து, காயலே கெட்டுப் போகிறது என்று அந்த ஊர்க்காரர்களே குறைப்படும் நிலை வந்தது. அந்தப் பாதையில் நாம் போகக் கூடாது. கடற்றொழிலாளர் சங்கங்களோடு பேசி, எந்த வழியால், எந்த நேரத்தில் போவது என்று முடிவெடுத்த பின்னரே பாய் விரிக்க வேண்டும். படகில் ஏறும் குப்பை படகிலேயே திரும்பி வர வேண்டும்.

வாவியைப் பழக்கமாக அறிந்தவர்கள் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் உள்ள தமிழ் மீனவர்கள். நம்மிடம் முதலும் வியாபாரத் தொடர்பும் இருக்கலாம், அவர்களிடம் தண்ணீரின் அறிவு இருக்கிறது. 1990 இலும் 2019 ஏப்ரலுக்குப் பின்னரும் இரு சமூகங்களுக்கிடையே என்னவெல்லாம் அறுந்தது என்பதை வியாபாரிகளாகிய நாம் கல்லாப் பெட்டியிலேயே கண்டோம். சமாதானக் கூட்டங்களில் கைகுலுக்கிப் படம் எடுப்பதைவிட, ஒரே படகில் பங்காளிகளாக இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நன்றாக அறிவார்கள். முதல் நான்கு பங்கில் ஒன்றாவது அக்கரை ஆளுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நாம் இதைச் செய்யாவிட்டால் வாவி சும்மா கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரிய முதல் உள்ளவர்கள் வேகப் படகுகளோடு வந்து இறங்குவார்கள். அப்போது வலையும் அறும், கரையும் கரையும், நமக்குத் துறையில் தேநீர்க்கடை போடத்தான் இடம் கிடைக்கும். மழை முடிந்து அடுத்த ஏப்ரல் வருமுன் நான்கு பேர் ஒன்றுகூடுங்கள். ஒரு வாரம் வள்ளத்தில் ஏறி வாவியைத் தெற்கு வடக்காகப் பாருங்கள், பழைய தோணிக்காரரிடம் காற்றைப் பற்றிக் கேளுங்கள், கணக்கை எழுதிப் பாருங்கள். ஒரு படகு, ஒரு பருவம் போதும். சரிவந்தால் இன்ஷா அல்லாஹ் இரண்டாவது படகைப் பற்றிப் பேசலாம்.