படத்தில் தெரிந்த நிழல்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, எங்கள் தெருவில் இருக்கும் ராத்தா ஒருவர் முக்காட்டுக்குள் எதையோ மறைத்துப் பிடித்தபடி வந்தார். பெரிய மண்ணிற உறை ஒன்று. உள்ளே நெஞ்சு எக்ஸ்ரே. "புள்ள, நீ மாதாமாதம் எழுதுறவதானே, இத ஒருக்கா வாசிச்சுப் பாரு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத" என்றார்.

நான் டொக்டர் அல்ல. எக்ஸ்ரே வாசிக்க எனக்குத் தெரியாது. ஆனால் கூட இருந்த துண்டை வாசிக்க முடிந்தது. வலது சுவாசப்பையின் மேற்பகுதியில் சிறு நிழல் தெரிகிறது, திருகோணமலை மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் காட்டவும் என்று எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். மூன்று வாரம் கடந்துவிட்டது. அத்தனை நாளும் அந்த உறை அலுமாரியில், பெருநாள் சேலைகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

ஏன் போகவில்லை என்று கேட்டேன். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். "உம்மாவுக்குக் கசமாம்" என்று ஊரில் ஒரு சொல் பரவினால் போதும் என்றார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது சாச்சி ஒருவரைப் பின்னறையில் தனியே வைத்திருந்தார்களாம். தனிக் கோப்பை, தனிப் பீங்கான். பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. அந்தக் கோப்பைதான் இப்போதும் இரவில் கண்ணுக்குள் வந்து நிற்கிறதாம்.

சகோதரிகளே, இப்படி ஓர் உறை உங்களில் எத்தனை பேரின் அலுமாரியில் இருக்கிறதோ, அல்லாஹ்தான் அறிவான். அதனால்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு வேர் இருக்கிறது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக ரொபர்ட் கொக் என்ற ஜெர்மானிய வைத்தியர் அறிவித்தது 1882 மார்ச் 24ஆம் தேதி. ஆனால் அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1943இல்தான். இடையில் 60 வருடங்கள், நோயின் பெயர் தெரியும், மருந்து கிடையாது. ஒதுக்கி வைப்பதைத் தவிர வேறு வழி தெரியாத காலம் அது. பின்னறையும் தனிக் கோப்பையும் அந்தக் காலத்தின் மிச்சம். மருந்து வந்துவிட்டது, கோப்பை மட்டும் போகவில்லை.

அந்தக் கோப்பைக்குப் பதில் சொன்ன ஊர் நமக்குத் தூரமில்லை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்றை அமைத்தார்கள். அங்கே 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு சானட்டோரியத்தில் கட்டில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மற்றப் பிரிவினர் தங்கள் சொந்த வீட்டிலேயே, அதாவது சென்னையின் ஏழைகள் நெருக்கியடித்து வாழும் வீடுகளில். இருவருக்கும் ஒரே மருந்து, 12 மாதம். முடிவு 1959இல் வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். இன்னும் பெரிய விஷயம், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களை 5 வருடங்கள் கவனித்துப் பார்த்ததில், நோயாளி வீட்டில் இருந்த காரணத்தால் அவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. வீட்டாருக்குத் தொற்றுவது பெரும்பாலும் வைத்தியம் தொடங்குவதற்கு முன்னர்தான் நடந்துவிடுகிறது. மருந்து சரியாக உள்ளே போகத் தொடங்கிச் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். கோப்பையாலும் பீங்கானாலும் இந்த நோய் பரவுவதே இல்லை; இருமும்போது காற்றில்தான் பரவுகிறது.

இதை ராத்தாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. பிள்ளைகளுக்காக மறைத்த அந்த மூன்று வாரம்தான், நோய் உண்மையாக இருந்தால், பிள்ளைகளுக்கு ஆபத்தான மூன்று வாரம். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. சொல்லாமல் விட முடியவில்லை.

ஆனால் நிழல் என்றால் காசநோய் என்றுதான் அர்த்தமா? இல்லை. என்றோ வந்து தானாக ஆறிய புண்ணின் தழும்பாக இருக்கலாம். நியூமோனியாவாக இருக்கலாம். புற்றுநோயும் அவற்றுள் ஒன்று, மறைக்கமாட்டேன். எது என்று படம் மட்டும் சொல்லாது. சளியைப் பரிசோதிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால், நிழல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பரிசோதனை செய்வது நல்லது. காலையில் எழுந்தவுடன் நெஞ்சின் ஆழத்திலிருந்து காறி எடுக்கும் சளியே தேவை; வாயில் ஊறும் எச்சில் அல்ல. வெட்கத்தில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, "ஒன்றும் இல்லையாம்" என்று திரும்புவதில் பயனில்லை. நம் நாட்டில் காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசாங்க நிலையங்களில் இலவசம். வழக்கமான காசநோய்க்கு 6 மாத மருந்து. முதல் 2 மாதம் நான்கு வகை, அடுத்த 4 மாதம் இரண்டு வகை. மருந்து எடுக்கும்போது சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அது மருந்தின் நிறம். பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

காசநோய் இல்லை என்றால் இன்னொரு கேள்வி எழும். அது நம் குசினியிலிருந்து வருவது. பத்துப் பன்னிரண்டு வயதில் ஊதாங்குழலைப் பிடித்தவர்கள் நாம். 2022இல் கேஸ் கிடைக்காமல் போனபோது, விட்டவர்களும் மீண்டும் விறகுக்கு வந்தோம். பீடி, சிகரட்டைத் தொட்டே பார்க்காத பெண்ணுக்கும் விறகுப் புகை வருடக்கணக்கில் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். நாம் அதை "முட்டு" என்போம், "வயசாகிட்டு" என்போம். மாடிப்படி ஏறும்போது இளைப்பதும், மழைக்காலமெல்லாம் இருமுவதும் அதன் ஆரம்பமாக இருக்கக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை உண்டு. ஆழமாக மூச்சிழுத்து, முழுப் பலத்தோடு ஒரே ஊதாக ஊத வேண்டும். ஊதிய மொத்தக் காற்றில் முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுத்த பிறகும் அது 70 வீதத்துக்குக் குறைவாக நின்றால் சுருக்கம் உண்டு என்று சந்தேகிப்பார்கள். மருந்துக்குப் பிறகு நன்றாக விரிந்துவிட்டால் ஆஸ்த்மாவாக இருக்கலாம். அந்நிய ஆண்கள் நிற்கிறார்களே என்று நம் பெண்கள் அரை மூச்சில் ஊதிவிடுகிறார்கள். பிழையான ஊதலுக்குப் பிழையான முடிவுதான் வரும். பெண் ஊழியரைக் கேளுங்கள், இல்லையென்றால் மறைப்புக் கேளுங்கள். ஆனால் முழுதாக ஊதுங்கள்.

போன மூச்சு முழுதாகத் திரும்பாது என்பது உண்மை. ஆனால் ஆரம்பத்தில் தெரிந்துகொண்டால் மிச்சத்தைக் காக்க நிறையச் செய்யலாம். அடுப்பைக் கூரைக்கு வெளியே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றலாம். ஈர விறகை எரிக்காமல் காய வைக்கலாம். சமைக்கும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் வழக்கத்தை விடலாம். வீட்டு ஆண்கள் சிகரட்டை வாசலுக்கு வெளியே அல்ல, வாழ்க்கைக்கு வெளியே போடலாம். இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்!

இனி, முடிவு வரும்வரை இருக்கும் இரவுகள். இதுதான் மிகக் கடினம். "ஸப்ர் செய், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று எல்லோரும் சொல்வார்கள். யஃகூப் (அலை) அவர்களின் ஸப்ரை யூசுஃப் சூராவில் வாசித்துப் பாருங்கள். கண்கள் வெளுக்கும் வரை கவலைப்பட்டார்கள். தம் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். அதோடு நிற்கவில்லை, அவனது அருளில் நம்பிக்கை இழக்காமல் போய் யூசுஃபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார்கள். அழுகையும் துஆவும் தேடலும் ஒரே நெஞ்சில் இருந்தன. உறையை மறைத்து வைத்துவிட்டு தஹஜ்ஜுதில் மட்டும் அழுவதை நான் ஸப்ர் என்று சொல்லமாட்டேன். ஸஃது (ரழி) அவர்கள் நெஞ்சு நோயால் வருந்தியபோது, ஹாரிஸ் பின் கலதா என்ற வைத்தியரிடம் போகும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு வருகிறது.

என் அனுபவத்தில் உதவியவை சின்ன விஷயங்கள். ஒரேயொருவரிடமாவது சொல்லிவிடுங்கள், பத்துப் பேரிடம் வேண்டாம், பத்து மரணக் கதை வரும். இரவில் போனில் நோயின் பெயரைத் தேடாதீர்கள். டொக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர் முன்னால் போனதும் மறந்துவிடும். மூச்சு வாங்கினால் உட்கார்ந்து தொழுங்கள், அதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு.

ராத்தா கடைசியில் மகளிடமே சொன்னார். மறுநாள் இருவரும் பஸ்ஸில் போனார்கள். 2009இல் பாலம் திறக்கும்வரை துறையில் பாதைக்குக் காத்திருந்த நாட்களை நினைத்தால், இன்று திருகோணமலை ஒரு தூரமே இல்லை. அந்த மூன்று வாரம் இருந்த தூரம் வேறு.

இரண்டு தடவை எடுத்த சளியிலும் கிருமி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பழைய தழும்பாக இருக்கலாம், உறுதிசெய்ய மூன்று மாதத்தில் மறுபடி படம் எடுக்க வேண்டும் என்றாராம் டொக்டர். ஊதிப் பார்த்ததில் சிறிது சுருக்கம் தெரிந்து, இழுக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஆகவே கவலை முழுதாகத் தீரவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதா என்றும் அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. சொல்லிவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். இதற்காக விலகுகிற வீடு, பிறகு வேறு எதற்காகவோ விலகும்.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பு பின் முற்றத்துக்கு வந்திருந்தது. உறை கதவுக்குப் பின்னால், கலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. அதன் மேல் அடுத்த படம் எடுக்கும் தேதி, மகளின் கையெழுத்தில்.