480 ரூபாய்க் களி

சென்னைக்குப் போனால் ஒரு வேளையாவது மருமகன் கையால் சாப்பிட வேண்டும் என்பது என் கொள்கை. கையால் என்றால் சமைத்து அல்ல... கார்டைத் தேய்த்து!

போன மாசம் போயிருந்தேன். "மாமா, இன்னிக்கு உங்களை இத்தாலியன் ரெஸ்டாரென்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். எனக்கு லேசாகக் கலக்கம். கோவில்பட்டிக்காரனுக்கு ராத்திரிச் சாப்பாடு என்றால் எண்ணெயில் முங்கிக் குளித்த புரோட்டா, மேலே சால்னா. சால்னா ஊற்றாத ஓட்டலில் எதற்காக உட்கார வேண்டும்? ஆனாலும் ஓசி. ஓசிக்கு நாடு ஏது, எல்லை ஏது? கிளம்பிவிட்டேன்.

சந்துக்குள் ஒரு பழைய வீடு. முன்ரூமில் ஆறே மேஜை. மேஜைக்கு ஒரு மெழுகுவர்த்தி.

"கரண்ட் இல்லையாடா?"

"அது ஆம்பியன்ஸ் மாமா!"

எங்கள் ஊரில் அதற்குப் பெயர் மின்தடை.

மருமகன் விளக்கினான். இத்தாலியில் பெரிய ஓட்டலுக்கு 'ரிஸ்தோராந்தே' என்று பெயராம். தெருவுக்குள் குடும்பமே சேர்ந்து நடத்துகிற சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு 'திராத்தோரியா'வாம். "மெஸ்ஸுன்னு சொல்லேன் மாப்ளே, எதுக்கு இவ்வளவு மூச்சு வாங்குறே?" என்றேன்.

முதலில் ஸ்பகெட்டி வந்தது. கடித்தால் நடுவில் நறுக்கென்றது. "வேகலைடா, திருப்பி அனுப்பு!" என்றேன். அவன் பதறிப்போய், "மெதுவா மாமா! அதுதான் 'அல் தெந்தே'. 'பல்லுக்கு'ன்னு அர்த்தம். பல்லுல லேசா மாட்டணும். அதுதான் பதம்" என்றான். எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் சோறு இந்தப் பதத்தில் இறங்கினால், சமையல்காரர் பந்தியைப் பார்க்காமலே பஸ் ஏறியிருப்பார்.

அடுத்து ஒரு தட்டு வந்தது. மஞ்சளாக, வட்டமாக, ஆவி பறக்க. நடுவில் ஒரு குழி. குழியில் காளான் குழம்பு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏலே... இது களிடா!"

பக்கத்து மேஜை ஜோடி திரும்பிப் பார்த்தது. மருமகன் மெனு கார்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டான். சர்வர் தம்பி மட்டும் சிரித்தபடி, "பொலெந்தா சார். மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணியில தூவி, கட்டி விழாம முக்கால் மணி நேரம் கிண்டணும்" என்றார்.

கிண்டணும்! அதைத்தானே நானும் சொன்னேன்?

விலையைப் பார்த்தேன். 480 ரூபாய். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் கரிசலில் இன்றைக்குக் கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளம்தான். 2018-ல் படைப்புழு விழுந்து எங்கள் சம்சாரிகளைக் கண்ணீர் விடவைத்த அதே பயிர். விளைந்ததில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது. 2024-25-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,225 ரூபாய். தட்டில் நூறு கிராம் மாவு இருக்கும் என்று வைத்துக்கொண்டால் சம்சாரி பங்கு 2 ரூபாய் 22 காசு. மிச்சம் 477 ரூபாய் 78 காசு மெழுகுவர்த்திக்குப் போகிறது போலிருக்கிறது!

சிரித்துக்கொண்டேதான் ஒரு வாய் எடுத்து வைத்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஆறாம் வகுப்பு படித்தபோது அம்மா தூக்குவாளியில் கம்மங்களிதான் தந்துவிடுவாள். ஒரு உருண்டை, கூடவே ஒரு துண்டு கருவாடு. மில்லில் வேலை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளைகள் நெல்லுச்சோறு கொண்டு வருவார்கள். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து விழுங்குவேன். ஒரு நாள் ஒருத்தன் பார்த்துவிட்டான். "டேய், இவன் ஜெயில்ல இருந்து வந்திருக்கான்டா!"

நம் ஊரில் களிக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதானே? 'உன்னைக் களி தின்ன வைக்கிறேன் பார்' என்று சொன்னால் யாரும் அதை விருந்துக்கு அழைப்பு என்று நினைப்பதில்லை.

அன்று ராத்திரி அம்மாவிடம், "இனிமே களி தந்தா கிணத்துல வீசிருவேன்" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து வாளியில் நெல்லுச்சோறு. வாளியில் மட்டும்தான். வீட்டில் மற்றவர்கள் களியே தின்றார்கள். அரிசி எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

"என்ன மாமா, பிடிக்கலையா?" என்றான் மருமகன். காரம் என்றேன். அதில் காரமே கிடையாது.

இத்தாலிக்காரர்களும் இந்தக் களியைச் சந்தோஷமாகத் தின்று வளர்ந்துவிடவில்லை. கொலம்பஸ் 1492-ல் கடல் தாண்டியதற்குப் பிறகுதான் மக்காச்சோளம் அந்தப் பக்கமே போனது. அதற்கு முன்னால் தினை மாதிரி தானியங்களில் கிண்டிக்கொண்டிருந்தார்கள். வட இத்தாலி ஏழைகளுக்கு மூன்று வேளையும் இதுதான். வேறு எதுவும் கிடைக்காமல் இதையே தின்றவர்களுக்குப் 'பெல்லாக்ரா' வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தியும் பேதலித்தது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்தால் அதிலுள்ள சத்து உடம்பில் சேரும். மெக்சிகோக்காரர்களுக்கு அந்த வித்தை தெரியும். சோளம் கப்பல் ஏறியது, வித்தை ஏறவில்லை. தெற்கு இத்தாலிக்காரர்கள் வடக்கத்தியர்களைக் கேலி செய்யும் பெயரே 'பொலெந்தோனி'. நம் பாஷையில் களிதின்னி! ஆக, வேப்பமரத்துக்குப் பின்னால் எனக்குத் துணையாக ஒரு நாட்டில் பாதி உட்கார்ந்திருக்கிறது.

அதே வட இத்தாலியில் 1680-ல் பிறந்த ஒருத்தர் 1710-ல் கோவாவில் வந்து இறங்கி, பிறகு எங்கள் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் வந்து ஊழியம் பார்த்தார். வீரமாமுனிவர்தான்! குறில் 'ஒ'வையும் நெடில் 'ஓ'வையும் குழப்பமில்லாமல் எழுத வழி செய்தவர். நாம் 'ஓட்டல்' என்று போர்டு எழுதும்போது முதல் எழுத்திலேயே ஒரு இத்தாலிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கம்பும் சோளமும் விளைகிற கரிசலில் அவருக்கு முன்னால் யாராவது ஒரு தாய் களி உருண்டையை வைத்திருந்தால், இது நம்ம ஊர்ச் சாப்பாடாச்சே என்று அவருக்குத் தோன்றியிருக்காதா? அவருக்கு வெட்கமும் வந்திருக்காது. இது என் கற்பனைதான். 480 ரூபாய்க்கு இவ்வளவு கற்பனைகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, "அம்மா, களி கிண்டித் தாயேன்" என்றேன்.

அம்மா முகம் மாறிவிட்டது. "ஏய்யா... சுகரு வந்துருச்சா?"

"இல்லம்மா..."

"மறைக்காதய்யா. டாக்டரு என்ன சொன்னாரு?"

2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தாலும் அறிவித்தது, எங்கள் தெருவில் கம்பு வாங்குகிறவர்கள் எல்லாம் மாத்திரைச் சீட்டோடுதான் வாங்குகிறார்கள்!

ஒருவழியாக நம்பவைத்தேன். பரணிலிருந்து துடுப்பை எடுத்தோம். அம்மாவுக்கு இப்போது தோள் வலி. கிண்ட முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "விடாம கிண்டு... அடி பிடிக்கிது பாரு... அய்யோ, ஆபீஸ் ஃபைலைப் புரட்டுற மாதிரியா புரட்டுவ?" என்று அதிகாரம் செய்தாள். பத்து நிமிஷத்தில் தோள் கழன்றது. இதை அவள் எத்தனை வருஷம், எத்தனை பேருக்குக் கிண்டியிருப்பாள் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பயந்து நிறுத்திவிட்டேன்.

கட்டி கட்டியாக ஒரு உருண்டை தேறியது. நடுவில் குழி பறித்து அம்மா குழம்பை ஊற்றினாள். அப்போதுதான் கேட்டேன். "ஏம்மா, நான் அன்னைக்குக் களியைக் கிணத்துல வீசிருவேன்னு சொன்னேனே... ஞாபகம் இருக்கா?"

"இல்லாம?"

"கஷ்டமா இருந்துச்சா?"

அம்மா யோசித்தாள். "அரிசி வாங்கத்தான் கஷ்டம். நீ சொன்னது கஷ்டமில்லய்யா. தெனமும் அதையே கிண்டி எனக்கே அலுத்துப் போச்சு. எம்புள்ளையாவது நெல்லுச்சோறு திங்கட்டுமேன்னு நெனச்சேன்."

இத்தனை வருஷம் நான் சுமந்த குற்ற உணர்ச்சியை அம்மா ஒரு கரண்டிக் குழம்பில் கரைத்துவிட்டாள். என் தட்டில் பாதியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தேன். மரத்துக்குப் பின்னால் எல்லாம் இல்லை. வாசல் திண்ணையில், தெருவைப் பார்த்து உட்கார்ந்தோம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய் மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டு வந்தாள்.

ஆம்பியன்ஸ்!