நம் வீட்டுத் தரை, இன்னொருவரின் கூரை

டிசம்பரில் வீட்டைப் புதுப்பிக்கப்போகிறோம் என்றதும் அலுவலகத்தில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “மழைக்காலத்திலா?” வேறு வழியில்லை. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, அங் மோ கியோ வீட்டுக் குளியலறையின் உயரமான படியைத் தாண்ட அப்பா சிரமப்படுகிறார். குளியலறை, சமையலறை, தரை எல்லாவற்றையும் மாற்றுவது என்று முடிவானது. பெற்றோர் இப்போது என் வீட்டில். பொங்கலுக்குப் புதுச் சமையலறையில் பால் பொங்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு.

முதல் வாரம் முழுக்க இடிக்கும் சத்தம். வீவக விதிப்படி, இரைச்சல் மிகுந்த வேலைகளை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 மணி வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கூடாது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, வார இறுதிகளைக் கழித்துப் பார்த்தால் டிசம்பர் மிகக் குட்டையான மாதம்!

இரண்டாவது வாரம்தான் உண்மையான வேலை தொடங்கியது. பழைய டைல்ஸைப் பெயர்த்தபோது அடியில் சிமெண்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கொத்தனார் அண்ணனுக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை. “டைல்ஸ் அழகுக்குத்தான் தம்பி. தண்ணியத் தடுக்கிறது அடியில அடிக்கிற பூச்சு,” என்றார்.

அந்தப் பூச்சை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடிக்க வேண்டும். முதல் பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. வடகிழக்குப் பருவமழையின் ஈரக் காற்றில் எதுவும் சீக்கிரம் காய்வதில்லை. குத்தகையாளருக்கோ அவசரம். “நாளைக்கே டைல்ஸ் ஒட்டிவிடலாம், நாள் மிச்சமாகும்,” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. குழாய்வாயை அடைத்து, தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் கைவிளக்குடன் கீழ்வீட்டுக்குப் போனோம். அங்கே தனியாக வசிக்கும் மக்சிக், அம்மாவுக்குப் பல ஆண்டுப் பழக்கம். அவருடைய குளியலறைக் கூரையில், குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு ஈரம்.

டைல்ஸ் ஒட்டியிருந்தால் அது நம் கண்ணில் பட்டிருக்காது. அவர் தலையில்தான் சொட்டியிருக்கும். வீவக வீடுகளில் இப்படிக் கசிந்தால், மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே அதைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும். மேலே நாம் மிச்சம் பிடிக்கும் இரண்டு நாளுக்குக் கீழே இருப்பவரும் விலை கொடுக்கிறார்.

குழாயைச் சுற்றி மீண்டும் பூசி, காயவைத்து, மறுபடி தண்ணீர் தேக்கினோம். இம்முறை மக்சிக் வீட்டுக் கூரை காய்ந்தே இருந்தது. இதில் ஆறு நாள் போனது. சமையலறை அலமாரிகள் பொங்கலுக்குப் பிறகுதான் வரும். அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “பால் எந்த அடுப்பிலும் பொங்கும். அவங்க வீட்டுல ஒழுகக் கூடாது,” என்று முடித்துவிட்டார்.

புதுப்பிக்கத் திட்டமிடுவோருக்கு இரண்டு வார்த்தை. தண்ணீர் தேக்கும் சோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அது முடியும்வரை அந்தக் கட்டத்துக்கான பணத்தைக் கொடுக்காதீர்கள். வீட்டில் 65 வயதைக் கடந்த சிங்கப்பூரர் இருந்தால், வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்தையும் விசாரியுங்கள். கைப்பிடிகளும் தரை வழுக்காமலிருக்கச் செய்யும் பூச்சும் மானிய விலையில் கிடைக்கும்.

இந்த வாரம் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். படி போய்விட்டது, குளியலறை வாசலில் சிறு சரிவு மட்டுமே. நேற்று அப்பாவை அழைத்துப்போய்க் காட்டினேன். வெளியே நின்றபடி கைத்தடியால் சரிவைத் தட்டிப் பார்த்துவிட்டு, “கைப்பிடி எந்தப் பக்கம் வருது?” என்று மட்டும் கேட்டார்.