வசந்தத்தைப் பார்க்க எமக்கும் உரிமை உண்டு



ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்கு சீசன். கிரகரி வாவிக்கரையில் கடைகள் முளைக்கும். மலர்க் கண்காட்சி வைப்பார்கள், குதிரை ஓட்டுவார்கள். தை, மாசியில் துளிரைக் கருக்கிய உறைபனி விலகி, மழை விழுந்து, மலை முழுக்கப் பச்சை பிடிக்கும் இந்த நாட்களில்தான் மோட்டார் சைக்கிள்களும் வருகின்றன. பத்து, இருபது வண்டிகள் வரிசையாக அம்பேவெல பண்ணையைத் தாண்டி வந்து, 6,226 அடி உயரத்தில் இருக்கும் எமது பட்டிப்பொல புகையிரத நிலையத்தில் நின்று படம் எடுத்துவிட்டு, ஹோட்டன் சமவெளிக்கு ஏறுகின்றன. நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன் அல்லவா, படம் எடுக்கத்தான் வேண்டும்.

வருகிறவர்கள் மீது எமக்குக் கோபம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவர்களில் பலர் கொழும்பில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். வருடம் முழுக்க உழைத்து, காசு சேர்த்து, நான்கு நாள் லீவு எடுத்து வருகிறார்கள். உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்று முதலில் பேசியதே தொழிற்சங்கம்தான். எமது கேள்வி வேறு.

அண்மையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் நாம் நின்றபோது, நான்கைந்து இளைஞர்கள் தொலைபேசியில் வரைபடத்தைப் பார்த்துப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பனிமூட்டம் மூடுவதற்கு முன் உலக முடிவைப் பார்க்க எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே பெட்ரோல் அடிப்பது, இரவு எங்கே தங்குவது என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். “அண்ணே, இந்தப் பக்கம் பார்க்க வேற என்ன இருக்கு?” என்று ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். எமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். அவர்கள் போன பிறகு, எம்மோடு நின்ற கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் சொன்னார்: “எனக்கு நாப்பத்தெட்டு வயசாகுது. அந்த உலக முடிவ நான் இன்னும் பார்த்ததில்ல தம்பி.”

பட்டிப்பொலயிலிருந்து அந்த இடம் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். கண்டியிலிருந்தும் காலியிலிருந்தும் வந்து பார்க்கிறார்கள். 2010இல் அதை உலக மரபுரிமை என்று யுனெஸ்கோ அறிவித்தது. உலகத்தின் சொத்தாகிவிட்ட ஒன்று, பக்கத்து மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு மட்டும் நாற்பத்தெட்டு வருடம் எட்டவில்லை என்றால், அதற்குக் காரணம் அந்த அக்காவின் ஆசைக்குறைவு அல்ல.

அழகு என்று இவர்கள் படம் எடுப்பது எதை? சீவி விட்டது போல் மலைச்சரிவில் மட்டமாக நிற்கும் தேயிலையைத்தான். தேயிலை தானாக அப்படி வளராது. விட்டால் மரமாகிவிடும். கவ்வாத்து வெட்டி, மட்டக்கம்பு வைத்து ஒரே மட்டத்தில் கொழுந்தெடுத்து, வாரா வாரம் கை வைத்தால்தான் அந்த மலை அப்படி இருக்கும். சித்திரை மழைக்குக் கொழுந்து அடைத்து வருகிற நேரத்தில்தான் சீசனும் வருகிறது. ஊரெல்லாம் விடுமுறையில் வரும்போது, எமது பெண்கள் காலைப் பெரட்டுக்குப் போய், குறித்த நிறைக்கு ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர் போட்டுவிடுவார்களோ என்று பயந்து மலை ஏறுகிறார்கள். சீசனில் ஓர் இரவு அறைக்குக் கேட்கும் பணம் எமது பல நாள் சம்பளம். காட்சி எமது கையால் ஆனது. அதன் வருமானத்தில் ஒரு சதம் எமது பிரட்டுக்களம் வரை வருவதில்லை.

ஒரு நாள் நின்று அந்தக் காட்சியை நாமும் பார்க்கலாம் என்றால், சம்பளக் கணக்கு விடுவதில்லை. 2016இன் கூட்டு ஒப்பந்தத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 730 ரூபா என்று பெரிதாகச் சொன்னார்கள். அடிப்படைச் சம்பளம் 500தான். மிச்சத்தில் 60 ரூபா வருகைக்கு. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தால்தான் அதுவும் கிடைக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் மரணம், உடம்பு முடியவில்லை, எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். ஆயிரம் ரூபாவுக்காக 2021 வரை போராடினோம். 2024இல் 1,350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 என்றும், அதற்கு மேல் 200 ரூபாவை அரசாங்கம் தரும் என்றும் முன்மொழிந்தார்கள். அந்த 200க்கு வைத்த பெயரும் வருகைக் கொடுப்பனவுதான். கூடுகிற சம்பளத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால், ஒரு நாள் ஓய்வெடுத்தால் வெட்டு விழும்படி அமைத்த சம்பளத்தை முழுச் சம்பளம் என்று நாம் எப்படி ஒப்புக்கொள்வது?

அடுத்தது பாதை. மஹகஸ்தோட்டயிலும் ரதல்லயிலும் மலையேறும் மோட்டார் பந்தயம் நடப்பதை அறிவீர்கள். காரும் மோட்டார் சைக்கிளும் தேயிலை மலைக்கு நடுவே பாய்ந்து ஏறும். கைதட்டிப் பார்ப்பவர்களில் எமது பிள்ளைகளும் உண்டு. ஆக, ஒரு மோட்டார் சைக்கிள் முழு வேகத்தில் ஏறக்கூடிய பாதையை இந்தத் தேயிலை மலையில் போட முடியும். அப்படியானால், பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை ஏற்றிய ஓட்டோ மெதுவாகவாவது இறங்கக்கூடிய பாதையை லயத்துக்கு ஏன் போட முடியவில்லை? அம்பியூலன்ஸ் மேலே வராது என்று சொல்லிவிட, கம்பளியில் நோயாளியைக் கிடத்தி நான்கு பேர் தோளில் பிரதான வீதி வரை தூக்கி வந்த இரவுகள் எமக்கு உண்டு. இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேரின் தோளில் அந்தத் தழும்பு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நீண்ட காலம் இதற்குச் சட்டத்தையே காரணம் காட்டினார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவின் பெயரால், தோட்டக் குடியிருப்புக்குச் சபை நிதியைச் செலவழிக்க முடியாது என்றார்கள். எமது வாக்கில் சபைக்குப் போனவரும் எமது லயத்துப் பாதைக்கு ஒரு லொறிக் கல் போட முடியாமல் கையை விரித்தார். போராடி 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்த வைத்தோம். இன்று சட்டத்தைக் காட்டித் தப்ப முடியாது. ஆனாலும், கம்பனியைக் கேட்டால் சபை என்கிறது, சபையைக் கேட்டால் கம்பனி என்கிறது. பந்து அங்குமிங்கும் உருள்கிறது. குழி அப்படியே கிடக்கிறது.

இனி, எமக்குள் நடக்கும் வாதத்துக்கு வருகிறோம். கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கும் எமது பையன்கள் சித்திரைப் புத்தாண்டுக்கு வீடு வரும்போது மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். இந்த வருடம் சிலர் கூடி மலைநாட்டைச் சுற்றிவரத் திட்டம் போடுகிறார்கள். இது எமது கூட்டத்திலேயே பெரிய சர்ச்சையாகிவிட்டது. “லயத்துக் கூரை ஒழுகுது, இவனுகளுக்கு ஊர் சுத்தணுமா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அவரது வருத்தம் எமக்கு விளங்குகிறது. லீசிங்கில் வண்டியை எடுத்துவிட்டு, கட்டணம் கட்ட முடியாமல் அம்மாவின் தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்த பிள்ளைகளும் எம்மிடையே உண்டு. அதை நாம் மூடி மறைக்கவில்லை.

ஆனாலும் பெரியவருக்கு மரியாதையோடு சொல்கிறோம்: பையன்கள் போகட்டும். ‘பயணம் எல்லாம் வசதிக்காரனுக்கு, உனக்கு மலையும் லயமும் போதும்’ என்பது துரைமார் எமக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதை எமது பிள்ளைகளுக்கு நாமே ஏன் ஓத வேண்டும்? மலைநாட்டுக்கு முதலில் பயணம் வந்தவர்களே எமது பாட்டன், பாட்டிமார்தான். தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே போனார்கள். இருநூறு வருடத்தை நினைத்து, 2023 ஜூலை 28ஆம் திகதி தொடங்கி 16 நாட்கள் அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு எமது மக்கள் மீண்டும் நடந்ததை அறிவீர்கள். அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளைக்கு இந்த மலையைச் சுற்றிப் பார்க்க யாருடைய அனுமதி வேண்டும்?

பிள்ளைகளிடம் நாம் கேட்பது ஒன்றுதான். திட்டம் போடும்போது எமது இடங்களையும் அதில் சேருங்கள். நீர்வீழ்ச்சியும் பார்வைத்தளமும் வரைபடத்திலேயே இருக்கும். இவை இருக்காது:

தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் வழியில் டெவன் நீர்வீழ்ச்சி. எல்லோரும் நின்று படம் எடுக்கும் இடம். அந்த டெவன் தோட்டத்தில்தான் 1977 மே 11ஆம் திகதி சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்து வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கப் போனதை எதிர்த்து எழுந்தவர்களில் அவர் ஒருவர். நீர்வீழ்ச்சிக்கு எதிரே நின்று ஒரு நிமிடம் அவரை நினையுங்கள். எம்மில் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்று வரை ஏழு பேர்ச் காணி கைக்கு வராத கதையையும் சேர்த்து நினையுங்கள்.

இன்னொரு நாள், நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, ராகலை, வலப்பனை வழியாக ஹேவாஹெட்ட பக்கம் போங்கள். அங்கே முல்லோயா. நாட்கூலியில் 16 சதம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் 1940 ஜனவரியில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். சம்பளப் போராட்டத்தில் மலையகம் கொடுத்த முதல் உயிர் என்று அவரைச் சொல்கிறோம். அதே பக்கத்தில் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த தோட்டம். அவர் உட்கார்ந்ததாகச் சொல்லும் கல் ஆசனத்தைக் காட்டுவார்கள். அந்த 19 ஏக்கருக்குக் குழி வெட்டியவர்களின் பெயர்கள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

அங்கிருந்து கண்டி வழியாக மாத்தளை. நடந்து வந்தவர்கள் வந்து சேர்ந்த ஊர். முத்துமாரியம்மன் கோயிலில் ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்புங்கள்.

பத்திரமாகப் போங்கள். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டாதீர்கள், தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வாகனங்களுக்கு இந்த மலை என்ன செய்யும் என்பதை நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் 2023 ஜனவரியில் ஏழு உயிர்களைக் கொடுத்துப் பார்த்துவிட்டோம். பனி மூடினால் ஓரமாக நிறுத்துங்கள். குடித்துவிட்டு வண்டியைத் தொடாதீர்கள். பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும். தவணை கட்ட வழி தெரியாமல் லீசிங்கில் கையெழுத்துப் போடாதீர்கள். போடும் முன் பத்திரத்தை எமது அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள், வாசித்துச் சொல்கிறோம்.

நிர்வாகங்களிடமும் சபையிடமும் அரசிடமும் நாம் கேட்பவை:

ஒன்று, ஓய்வு நாளுக்குத் தண்டனை வைக்கும் வருகைக் கணக்கை எடுத்துவிட்டு, முழுத் தொகையையும் அடிப்படைச் சம்பளமாக்க வேண்டும்.

இரண்டு, 2018 திருத்தத்தின்படி தோட்டப் பாதைகளைப் பிரதேச சபை தன் பட்டியலில் ஏற்று, அம்பியூலன்ஸ் லயத்து வாசல் வரை வரும்படி திருத்த வேண்டும். எந்தப் பாதை எப்போது என்று எழுத்தில் தர வேண்டும்.

மூன்று, சீசன் வருமானத்தில் தோட்டங்களுக்கு ஒரு பங்கு வேண்டும். தேயிலை மலையைக் காட்டிப் பணம் பார்ப்பவர்கள் அந்த மலைக்காரர்களின் பாதைக்கும் பாடசாலைக்கும் கொடுக்கட்டும்.

நான்கு, காணியும் வீடும் உறுதிப்பத்திரத்தோடு வேண்டும்.

கடைசியாக ஒரு அறிவித்தல். புத்தாண்டு கழிந்து வரும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எமது பையன்கள் ஆளுக்கொரு அம்மாவையோ அக்காவையோ பின்னால் ஏற்றிக்கொண்டு ஹோட்டன் சமவெளிக்குப் போவதென்று எமது கிளைக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. நுழைவுச் சீட்டுக்குச் சங்கம் காசு கொடுக்கும். காலை ஐந்து மணிக்கு ஸ்டேஷனடியில் கூட வேண்டும். மூட்டம் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பலாம். வர விரும்பும் பெண்கள் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ பெயர் கொடுங்கள். அந்த நாற்பத்தெட்டு வயது அக்காவின் பெயரை முதலாவதாக எழுதியிருக்கிறோம். கூரை ஒழுகுவதைப் பற்றிக் கேட்ட பெரியவரும் தன் பேரனின் வண்டியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.