பட்டியலை எழுதியவரே தலைவரையும் எழுதுகிறார்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் இருக்கிறது கல்லாறு. இந்த மலையடிவாரச் சிற்றூரின் காணிப் பழங்குடியினரும் உழைப்பாளிகளும் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால், அவர்களில் ஒருவர் காங்கிரஸ் உறுப்பினரானாலும், பிரதிநிதிப் பட்டியலில் பெயர் ஏறாதவரை அக்கட்சியின் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. 2022 அக்டோபர் 17 அன்று திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூரே வேட்பாளராக நின்றபோதும் இதுதான் நிலை.

அத்தேர்தலில் பதிவான வாக்குகள் 9,385. கார்கே பெற்றவை 7,897, தரூர் பெற்றவை 1,072, செல்லாதவை 416. உட்கட்சி ஜனநாயகத்தின் வெற்றி என்று காங்கிரஸ் தலைவர்கள் மகிழ்ந்தனர். உண்மையில் வென்றது எது?

வாக்களிப்பவர் யார் என்பதே வெல்பவர் யார் என்பதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் 2020 வேட்பாளர் தேர்வைப் பார்ப்போம். வெள்ளையர் மிகுந்த அயோவாவில் ஜோ பைடன் நான்காம் இடம். நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். கறுப்பின வாக்காளர்கள் பாதிக்கு மேல் இருந்த தென் கரோலினாவில் பெருவெற்றி. அதன்பின் போட்டியே திசைமாறியது. 2024இல் கட்சித் தலைமை அந்த மாநிலத்தையே அதிகாரபூர்வ வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. பெரும் பணம் புரளும் அந்தத் தேர்தலில்கூட வாக்காளர் எவர், எந்த இனத்தவர், எந்த வயதினர் என்பது ஊரறிந்த செய்தி.

காங்கிரஸில் அதுவும் மறைபொருள். பட்டியலை வெளியிடுமாறு மணீஷ் திவாரி, தரூர், கார்த்தி சிதம்பரம் உள்ளிட்ட எம்.பி.க்கள் கேட்க வேண்டியிருந்தது. பொதுவெளியில் அது வெளியிடப்படவில்லை. கிடைத்த பட்டியலில் பலரின் தொடர்பு விவரங்கள் இல்லை என்று வேட்பாளரே முறையிட்டார். மாநிலக் கமிட்டிகளின் பிரதிநிதிகள்தாம் வாக்காளர்கள்; அக்கமிட்டிகளில் பல, ராகுல் காந்தியே தலைவராக வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டவை. கேரளத் தலைவர் கே.சுதாகரன் தம் மாநிலத்து வேட்பாளரை விட்டுக் கார்கேவை வெளிப்படையாக ஆதரித்தார். தலைமையின் விருப்பம் எது என்பதை உணர இதற்கு மேல் என்ன வேண்டும்? அதே ஆண்டு மே மாதம் உதய்ப்பூரில், பொறுப்புகளில் பாதி 50 வயதுக்குட்பட்டோருக்கு என்று அறிவித்த கட்சி, அக்டோபரில் 80 வயதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது.

தலித் சமூகத்தில் பிறந்து, மில் தொழிலாளர் சங்கங்களுக்கு வழக்கறிஞராக இருந்தவர் தலைவரானது சிறுமைப்படுத்தத்தக்கதன்று. அதை ஏளனம் செய்வோரின் பக்கம் இடதுசாரிகள் ஒருபோதும் நிற்க முடியாது. தரூரின் மேட்டுக்குடி தாராளவாதமும் உழைப்பாளிக்கு மாற்று அன்று. கேள்வி வேறு: உச்சியில் ஒரு தலித் அமர, அடியில் உள்ள பட்டியலில் எத்தனை தலித்துகள், பெண்கள், தோட்டத் தொழிலாளர்கள் இருந்தனர்? பட்டியலே வெளிவராதபோது இக்கேள்விக்கு விடை எப்படிக் கிடைக்கும்?

'கம்யூனிஸ்ட்டுகளும் பிரதிநிதிகள் மூலம்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்?' என்று கேட்பார்கள். ஆம். குறை பிரதிநிதி முறையில் இல்லை; அந்தப் பிரதிநிதி எங்கிருந்து வருகிறார் என்பதில் இருக்கிறது. கிளை தொடங்கி மாநாடு மாநாடாக விவாதித்துத் தேர்ந்தெடுக்கப்படுபவர் கீழே உள்ளவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். மேலிருந்து பெயர் எழுதப்பட்டவர் எழுதியவருக்கே கடமைப்பட்டவர்.

ஆயினும் இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். 1964இல் உருவான மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக்குழுவில் முதல் தலித்தாக ராமச்சந்திர டோம் இடம்பெற 2022 வரை ஆனது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக டி.ராஜா பொறுப்பேற்றது 2019இல். இந்தத் தாமதத்தின் வேர் கிளைகளின் உறுப்பினர் சேர்க்கையில் இருக்கிறது. கிளையில் இல்லாதவர் மாநாட்டுக்கு வர முடியாது. மாநாட்டுக்கு வராதவர் குழுவுக்கு வர முடியாது.

எனவே தோழர்கள் உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்கும்போது எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. தலித்துகள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர், 30 வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர் என்று கிளைதோறும் கணக்கெடுத்து, இல்லாதவரைத் தேடிச் செல்ல வேண்டும். கல்லாறு போன்ற ஊர்களின் உழைப்பாளி பட்டியலில் ஏறும் நாளில்தான் தலைமையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அடித்தட்டுக்கு வந்து சேரும்.